கானலைப் படம்பிடித்துவிட்டு லென்ஸைத் திட்டாதீர்கள்: பைக் ரேஸ் படமெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன முறை சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸுக்குப் போயிருந்தபோது பக்கத்தில் ஒரு தம்பி நின்றிருந்தான். கையில், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் புது 150-600 மி.மீ. லென்ஸ். மதியம் ஒன்றரை மணி வெயில். நாலு படம் எடுப்பான், திரையில் பெரிதாக்கிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், லென்ஸ் கண்ணாடியை டீ-ஷர்ட் நுனியால் துடைப்பான். மூன்றாவது முறை துடைத்துவிட்டு, "அண்ணா, இந்த லென்ஸ்ல ஏதோ ஃபால்ட் இருக்கும்போல" என்றான்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் இதே வசனத்தை நானும் பேசியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேட்டரி சார்ஜ் போடுங்கள், கார்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அது உங்களுக்கே தெரியும்.

ஷட்டரைக் கண்டபடி ஏற்றுவது

பைக் வேகமாகப் போகிறது, அதனால் ஷட்டரும் வேகமாக இருக்க வேண்டும் என்று 1/2000 நொடி வைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் போகும் பைக்கை அப்படி எடுத்தால் சக்கரம் உறைந்துபோய், யாரோ சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியதுபோல இருக்கும். மணிக்கு 180 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 50 மீட்டர். 1/125 நொடிக்குள் பைக் 40 செ.மீ. நகர்ந்துவிடும். நீங்களும் கூடவே திரும்பினால் அந்த 40 செ.மீ. பின்னணியில் கோடுகளாக இழுபடும், வண்டி தெளிவாக நிற்கும். 1/250இல் ஆரம்பித்து, கை பழகப் பழக 1/125க்கு இறங்குங்கள். படம் எடுக்கப்போகும் இடத்தைப் பார்த்தபடி பாதங்களை வைத்து, இடுப்பை மட்டும் பைக் வரும் பக்கம் முறுக்கி அதைப் பிடியுங்கள். ஷட்டர் விழுந்த பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. இப்படிக் கூடவே திரும்பி எடுப்பதுதான் பேனிங். நேராக நம்மை நோக்கி வரும் பைக்குக்கு 1/1000 வைக்கலாம், தப்பில்லை.

ஸ்டெபிலைசர்

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இது. லென்ஸில் பேனிங்குக்கென்று தனி மோடு இருந்தால் அதில் வையுங்கள். இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

கானல்

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருவோம்.

நான் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். 35, 85 மி.மீ. லென்ஸ்களோடு கைக்கெட்டும் தூரத்திலேயே பிழைப்பு. எனக்கும் மணமக்களுக்கும் நடுவே காற்று என்று ஒன்று இருப்பதையே நான் யோசித்ததில்லை. ரேஸ் ஆசையில் 600 மி.மீ. வாங்கியதும், 'இனி எங்கே நின்றாலும் எட்டும்' என்று நிழலாக ஓரிடம் பார்த்து நின்று, தார்ப்பரப்பைத் தாண்டி 250 மீட்டர் தள்ளியிருந்த வளைவை எடுத்தேன். அத்தனையும் சொதப்பல். ஹெல்மெட்டின் விளிம்பு கரைந்திருந்தது. உடையில் இருந்த எழுத்துகள் நெளிந்தன. வண்டி நம்பர் 1 ஆ 7 ஆ என்று தெரியவில்லை. ஷட்டரை ஏற்றினேன், அதே கதி. ஃபோகஸ்தான் தப்பு என்று முடிவு கட்டி, அங்கேயே உட்கார்ந்து, ஃபோகஸை முன்னும் பின்னும் நுணுக்கமாக நகர்த்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டைக் கேமராவில் திருகினேன். +8 வைத்தால் ஒரு படம் தேறும், அடுத்தது தேறாது.

சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். லென்ஸில் ஒன்றுமில்லை என்றார்கள். நான் நம்பவில்லை. வாங்கியதில் பாதி விலைக்கு ஒரு நண்பரிடம் தள்ளிவிட்டேன். அவர் அடுத்த ரேஸில் காலை பிராக்டிஸின்போது வேலியோரம் நின்று எடுத்த படத்தில் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியான வைசரில் அடிபட்டு ஒட்டியிருந்த பூச்சியின் கால்களை எண்ணலாம். இன்றுவரை அந்தப் படத்துக்கு நான் லைக் போடவில்லை.

விஷயத்தை உடைத்துச் சொன்னவர், சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலிருந்தே படமெடுத்த ஒரு பெரியவர். "ரோட்டில தண்ணி நிக்கிற மாதிரி தெரியுமே, அதைத்தான் நீ போட்டோ எடுத்திருக்கே. பக்கத்துல போய் எடுப்பா" என்றார். வெயிலில் தார் சூடாகி, அதன் மேலிருக்கும் காற்றும் சூடாகி மேலே எழுகிறது. குளிர்ந்த காற்று அந்த இடத்துக்குள் புகுகிறது. இரண்டுக்கும் அடர்த்தி வேறு என்பதால் ஒளி வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வருகிறது. 600 மி.மீ. லென்ஸ் 50 மி.மீ.யைவிட 12 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பைக்கோடு சேர்த்து அந்த நடுக்கத்தையும்தான். ஷட்டரை எவ்வளவு ஏற்றினாலும், நெளிந்த பிம்பம் நெளிந்தபடியே உறையும்.

லென்ஸா காற்றா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தூரத்திலிருக்கும் அசையாத விளம்பரப் பலகையை, கேமராவை நன்றாக ஊன்றி வைத்து, பத்து படம் எடுங்கள். பத்தும் ஒரே அளவுக்கு மங்கல் என்றால் ஃபோகஸையோ லென்ஸையோ சந்தேகப்படலாம். ஒன்று தெளிவு, ஒன்று மங்கல், ஒன்றில் எழுத்து கோணல் என்று வந்தால் அது காற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே பலகையை எடுத்துப் பாருங்கள், லென்ஸிடம் மன்னிப்புக் கேட்பீர்கள்.

நெடுந்தூரத்தை எட்டிப்பிடிக்கத்தான் இந்த லென்ஸ் என்ற எண்ணத்தை விடுங்கள். அனுமதி உள்ள இடங்களில் 40, 50 மீட்டருக்கு நெருங்கி, ஹெல்மெட்டும் தரையை உரசும் முழங்காலும் மட்டும் சட்டகத்தை நிறைப்பதுபோல எடுங்கள். பார்வை தாருக்குப் பதில் புல்லுக்கு மேலாகப் போகும் கோணம் கிடைத்தால் விடாதீர்கள். தரையோடு தரையாகப் படுத்து எடுக்கும் ஸ்டைலை மதியத்தில் மூட்டை கட்டிவிடுங்கள். தரையை ஒட்டித்தான் கானல் மோசம், கேலரியின் மேல்படி எவ்வளவோ தேவலை. ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸை உடனே பயன்படுத்தாதீர்கள், லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடுக்குள்ளேயே ஒரு குட்டிக் கானல் ஓடும். அப்புறம், ரேஸ் தொடங்கும் இடமான கிரிட்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளின் சைலன்சர் சூடும் இதே வேலையைச் செய்யும்.

ஒன்றுமே முடியவில்லையா? கானலையே எடுங்கள். நேர்பாதையின் கோடியில் நாலைந்து ஹெல்மெட்டுகள் உருகி வழிந்தபடி வரும் காட்சி அழகுதான். தெளிவை மட்டும் அதில் தேடாதீர்கள்.

ட்ரைபாட்

வேண்டாம். ஒற்றைக்கால் மோனோபாட் போதும்.

திரையைப் பார்ப்பது

இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் நீளம் 3.717 கி.மீ. வேகமான பைக்குகள் இரண்டு நிமிடத்துக்குள் சுற்றி வந்துவிடும். எடுத்த படத்தைத் திரையில் பார்க்க நீங்கள் குனிந்திருக்கும்போதுதான் ஓவர்டேக் நடக்கும்.

ஒரு கண்ணை மூடிக்கொள்வது

600 மி.மீ. வழியாகப் பார்ப்பவருக்கு அந்தச் சின்னச் சதுரத்துக்கு வெளியே உலகமே இல்லை. ஒருமுறை முதல் வண்டியையே துரத்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் விழுந்து, ஆள் ஒருபக்கம் வண்டி ஒருபக்கமாகச் சறுக்கி வந்ததை டிராக்கைக் கண்காணிக்கும் மார்ஷலின் விசில் கேட்ட பிறகுதான் பார்த்தேன். வண்டி சரளையில் புதைந்து நின்றுவிட்டது. அந்தப் பையனும் தானாக எழுந்து நடந்தான். அன்றிலிருந்து இடது கண்ணை மூடுவதில்லை. முதல் நாள் தலை வலிக்கும், பிறகு பழகிவிடும். வளைவின் வெளிப்பக்கம் நிற்க நேர்ந்தால், எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முதல் வண்டி வருவதற்கு முன்பே பார்த்து வைத்துவிடுங்கள். மோனோபாடோடு ஓட முயலாதீர்கள்.