போன வருஷத்து ஆற்றில் கொடுவா பிடிக்கப் போகாதீர்கள்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலும் பாலாற்று முகத்துவாரத்திலும் கொடுவா மீனுக்காகப் புதிதாக ராடு (ரீல் வைத்த தூண்டில் கோல்) பிடிக்கிற தம்பிகளைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் ஆரம்பத்தில் என்னென்ன கூத்து அடித்தோமோ அதையேதான் அடிக்கிறார்கள், என்ன, சாமான் மட்டும் விலை கூடியது. முடிச்சு போடுவது, முள்ளைத் தீட்டுவது, ரீலில் ட்ராக் (நரம்பு இழுபடும் இறுக்கம்) சரி செய்வது எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதைத் தொடப்போவதில்லை. ஆனால் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

லொகேஷனை நம்பி வருவது

"அண்ணா, ஸ்பாட் லொகேஷன் அனுப்புங்க." வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அனுப்புவதில் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் புள்ளி போன வருஷத்து ஆற்றில் இருக்கிறது. நீங்கள் வருவது இந்த வருஷத்து ஆற்றுக்கு.

நம் கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்காது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே திருப்பும். ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் இந்த மணல் ஆற்றின் வாயை, அதாவது முகத்துவாரத்தை, வந்து அடைக்கும், கோடையில் முட்டுக்காடு, அடையாறு எல்லாம் அப்படித்தான் மூடிக்கொள்கின்றன. பிறகு மழை வெள்ளம் உடைத்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் ஜேசிபி வந்து வெட்டிவிடும். திறக்கிற ஒவ்வொரு முறையும் வாய் பழைய இடத்திலேயே திறக்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டம் வேறு கரையைப் பிடிக்கும், போன வருஷம் கொடுவா படுத்திருந்த பள்ளம் தூர்ந்து, யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் புதிதாக ஒன்று தோண்டிக்கொண்டிருக்கும். 2015 டிசம்பரில் அடையாற்றில் போன வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள், அதற்கு முந்தைய ஸ்பாட்டுகளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

போன தை மாதம் பாலாற்று முகத்துவாரத்தில் இரண்டு பேர். நல்ல ராடு, நல்ல ரீல், லூர் (மீன் மாதிரி செய்த போலி இரை) பெட்டியைத் திறந்தால் கண் கூசுகிறது. ஏதோ ஒரு வீடியோவில் பெரிய மீன் எடுத்த வளைவு அதுதான் என்று விடியற்காலையிலிருந்து அங்கேயே வீசிக்கொண்டிருந்தார்கள். லூர் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது, அதன் முழங்கால் கூட நனையவில்லை. இருவரும் அதைப் பார்க்கவே இல்லை, லூரின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். சற்றுத் தள்ளி ஓர் இருளர் அக்கா கழுத்தளவு தண்ணீரில், பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கரையேறியபோது கேட்டேன். "அங்க மணல் ஏறிப்போச்சுண்ணே, பள்ளம் இப்போ இப்பிடி தெக்கால போவுது" என்று கையைக் காட்டினார். ஆற்றின் தரையைக் காலாலும் கையாலும் தினம் தொட்டுப் பார்க்கிறவர் சொல்கிறார். தம்பிகளிடம் போய்ச் சொன்னேன். ஒருவர் மேப்பை எடுத்து, "இல்லண்ணா, சேட்டிலைட்ல இங்கதான் ஆழம் காட்டுது" என்றார். அந்தப் படம் எந்த வருஷம் எடுத்ததோ!

இதைவிட எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு, அது வாய் அடைபட்டிருக்கும்போது கடல் ஏற்றம், வற்றம் (தண்ணீர் ஏறுவது, இறங்குவது) எப்போது என்று சொல்லும் அலைநேர ஆப்பைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது. ஆறு பத்துக்கு ஏற்றம் என்று போட்டிருக்கிறது, ஆள் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மணல்மேடு கிடக்கிறது, எங்கிருந்து ஏறும்? வாய் திறந்திருந்தாலும் அந்த ஆப் சொல்வது கடலோர நேரத்தை, பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்து நேரத்தை. வாய் குறுகலாக இருந்தால் உள்ளே ஏற்றம் வர ஒரு மணி, சில சமயம் இரண்டு மணி நேரம் கூடத் தாமதமாகும். நம் பக்கம் அமாவாசை, பௌர்ணமிக்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான், அதில் உள்ளே வந்து சேருவது இன்னும் குறைவு. ஆகவே பாலத்துத் தூணில் ஒரு கோட்டை அடையாளமாக வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். கொடுவா ஓடித் துரத்தித் தின்கிற மீன் இல்லை. தூணுக்குப் பின்னால், கல்லுக்குப் பின்னால், ஓட்டம் அடிக்காத நிழலில் நின்றுகொண்டு தண்ணீர் கொண்டுவருவதை வாயைத் திறந்து உறிஞ்சும். ஓட்டம் இல்லை என்றால் அதற்கு அந்தத் தூணில் வேலையும் இல்லை, உள்ளே ஆழத்துக்குப் போயிருக்கும்.

சரி, என்னதான் செய்வது? மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் ராடு இல்லாமல் வாருங்கள். வற்றம் முழுதாக இறங்கிய நேரத்தில் கரையோரமாக நடந்தால் கடைசியாக எங்கே தண்ணீர் வடிகிறது, எந்தக் கரை செங்குத்தாக அரிந்திருக்கிறது, எந்தத் திட்டு புதிது என்று எல்லாம் தெரிந்துவிடும். பங்குனியில் வாய் அடைக்கத் தொடங்கும்போது இன்னொரு நடை. நடுவில் பெரிய வெள்ளம் வந்தால் மறுபடியும். ராடு இல்லாமல் ஆற்றுக்கு வருவதா என்று சிரிக்கிறவர்கள்தான் கொக்கு நடக்கிற இடத்தில் லூர் போடுகிறார்கள்.

பெரியவர்கள் சொல்லும் இடத்துக்கும் இதே கதைதான். கட்டையில் தங்கூசி என்கிற நைலான் நரம்பைச் சுற்றிக்கொண்டு, உயிர் இறால் கோத்துக் கையாலேயே கொடுவா இழுத்தவர்கள் அவர்கள், மீனைப் பற்றி அவர்கள் சொல்வது இன்றும் செல்லும். இடத்தைப் பற்றிச் சொல்வது செல்லாது. குஞ்சுக் கொடுவா உப்பு முகத்திலிருந்து நல்ல தண்ணீர் நோக்கி ஏறி வளர்கிற மீன், பாலாற்றில் வாயலூர்த் தடுப்பணை வந்த பிறகு அந்தப் பாதை முன்போல் இல்லை. கொசஸ்தலையாற்றுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷங்களாகக் கழிமுகத்தை மேடாக்கியது போதாதென்று 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. அங்கே ஒரு காலத்தில் கல் வைத்தாற்போல மீன் நிற்கும் என்று பெரியவர் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலம்தான் போய்விட்டது.

லீடர் இல்லாமல் கட்டுவது

பின்னல் நரம்பான பிரெய்டில், நடுவில் லீடர் என்கிற தடித்த நரம்புத் துண்டு இல்லாமல், நேராக லூரைக் கட்டிவிட்டு, "பல்லே இல்லாத மீன்தானே" என்கிறார்கள். பல் பெரிதாக இல்லைதான், ஆனால் வாய் உப்புத்தாள் மாதிரி, அதைவிட மோசம் செவுள் மூடியின் விளிம்பு, பிளேடே தோற்கும். மீன் எழும்பித் தலையை உதறும்போது நரம்பு அதில் ஒரு முறை பட்டால் போதும். முட்டுக்காடு மாதிரி இடத்துக்கு நாற்பது பவுண்டு இழுவை தாங்குகிற லீடர், பாலத்துத் தூண் பக்கத்தில் என்றால் அறுபது. ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கடைசி ஒரு சாணை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். அந்தச் செவுளுக்குள் விரல் விட்டு மீனைத் தூக்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம், ஒரு தடவையில் தெரிந்துகொள்வார்கள்.

லூரோடு வந்த முள்

மாற்றுங்கள். பெரிய மீன் இழுத்தால் நிமிர்ந்துவிடும்.

பெரிய மீன் என்பதால் வீட்டுக்குக் கொண்டுபோவது

இதில் சண்டை போடப் போவதில்லை, சாப்பிடத்தான் பிடிக்கிறோம், நானும் கொண்டுபோகிறவன்தான். ஆனால் கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, பல வருஷம் கழித்து, ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வயதுக்குள், பெண்ணாக மாறுகிற மீன். போட்டோவுக்கு நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிற அந்தப் பெரியது அநேகமாகப் பெண். அடுத்த தலைமுறை அதன் வயிற்றில் இருக்கிறது. இரண்டு, மூன்று கிலோ மீன் சட்டிக்குச் சரியான அளவு, ருசியும் அதில்தான், பெரியதன் சதை எனக்குச் சக்கை. குளத்தில் வளர்ந்த கொடுவா மார்க்கெட்டுக்கு வருகிறது, சென்னையில் இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சீபா 1997-இலேயே செயற்கை முறையில் குஞ்சு எடுத்துக் காட்டிவிட்டது. ஆகவே குழம்புக்காகத்தான் அந்தத் தாய் மீன் என்று சொல்ல வேண்டாம். விடுவதாக இருந்தால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். கீழ்த்தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, பத்து போட்டோ எடுத்துவிட்டு, "ரிலீஸ் பண்ணிட்டேன்" என்று போடுவது வெறும் கணக்குக்குத்தான், அது பிழைக்குமா என்பது சந்தேகம்.

வாய் உடைந்த அன்று மணல் விளிம்பில் நிற்பது

நிற்காதீர்கள். காலடி மணலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ராடு போனால் வாங்கலாம்.

டார்ச்

தண்ணீரில் அடிக்காதீர்கள்.

தண்ணீர் கலங்கியதும் மூட்டை கட்டுவது

முதல் மழைக்குப் பிறகு ஆறு செம்மண் நிறத்தில் வந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். வெள்ளம் வேகமாக ஓடுகிற நாளில் கிளம்புவது நல்லதுதான். ஓட்டம் தணிந்த பிறகு, மேலிருந்து வருகிற கலங்கலும் கடலிலிருந்து ஏறுகிற பச்சைத் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் நுரையும் சருகும் சேர்ந்து ஒரு கோடு கிழித்தாற்போலத் தெரியும். கொடுவா தின்கிற மடவை மீன் குஞ்சு அந்தக் கோட்டை ஒட்டித்தான் கூட்டமாக நிற்கும். லூரைக் கோட்டின் குறுக்கே வீசாமல், அதன் நீளத்துக்கு, கலங்கல் பக்கமாக இழுங்கள். உள்ளே சின்னக் குண்டு உருண்டு சத்தம் போடுகிற லூராக இருந்தால் நல்லது, கண் தெரியாத தண்ணீரில் கொடுவா காதால் தேடும். மெதுவாகச் சுற்றுங்கள், நடுவில் நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும், அப்புறம் ராடைப் பாலத்துத் தூண் இருக்கிற பக்கம் மட்டும் சாய்க்காதீர்கள்.