அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து: ஒரு அணியின் சீசனை நோட்டுப் போட்டுத் தொடர்வது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் 360-க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ளன. ஒரு சீசனில் ஒரு அணி ஆடுவதோ சுமார் 30 ஆட்டங்கள்தான். நவம்பர், டிசம்பரில் யாருடன் மோதுவது என்பதைப் பெரும்பாலும் கல்லூரிகளே பேசி முடித்துக்கொள்கின்றன. அதனால் 23 வெற்றி, 8 தோல்வி என்ற கணக்கை மட்டும் வைத்து அணியை எடைபோட முடியாது. யாரை, எந்த ஊரில், எப்படி வென்றார்கள் என்பதை ஆட்டத்துக்கு ஒரு வரியாக எழுதிவந்தால், தேசியப் பட்டப் போட்டி நடக்கும் மார்ச் மாதம் வரும்போது அணியின் உண்மையான உயரம் கண்ணில் படும்.

ஒரு நோட்டோ கணினித் தாளோ போதும். தேதி, எதிரணி, இடம், ஸ்கோர், பொசஷன் எண்ணிக்கை, 100 பொசஷனுக்கு எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி, ஆடாத வீரர்கள் என்று கட்டங்கள் போடுங்கள். இடம் என்பதில் சொந்த அரங்கம், எதிரணி அரங்கம், பொது அரங்கம் என மூன்று வகை உண்டு. இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் பின்னால் வரும் கணக்கு எதுவும் நிற்காது.

பொசஷன் என்பது பந்து ஒரு அணியின் கையில் இருக்கும் ஒரு வாய்ப்பு. பாக்ஸ் ஸ்கோர் எனப்படும் ஆட்டப் புள்ளிவிவர அட்டவணையில் அது நேரடியாக இருக்காது, நாம்தான் கணக்கிட வேண்டும். ஷாட் முயற்சிகளிலிருந்து (ஃப்ரீ த்ரோ சேராது) தாக்குதல் ரீபவுண்டுகளை (தவறிய தன் ஷாட்டைத் தானே திரும்பப் பிடிப்பது) கழித்து, டர்ன்ஓவர்களை (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) முயற்சிகளை 0.475-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு கற்பனை ஆட்டம்: 58 ஷாட், 10 தாக்குதல் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 16 ஃப்ரீ த்ரோ. 58 − 10 + 12 + 7.6 = 67.6. அணி 72 புள்ளி எடுத்திருந்தால் 72-ஐ 67.6-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 106.5. எதிரணிக்கும் இதையே செய்து, இரண்டு பொசஷன் எண்களின் சராசரியை எழுதுங்கள். பந்து மாறி மாறித்தான் கைக்கு வருகிறது என்பதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். மூன்று நான்கு வித்தியாசம் வந்தால் எங்கோ பிழை. பெரும்பாலும் வீரர்களின் வரிகளை மட்டும் கூட்டி, அணியின் பெயரில் தனியாக எழுதப்படும் ரீபவுண்டுகளையும் டர்ன்ஓவர்களையும் விட்டிருப்பீர்கள். மொத்தம் என்ற கடைசி வரியிலிருந்தே எடுங்கள்.

இந்தச் சிரமம் எதற்கு? ஒரு ஆட்டத்துக்கு 60 புள்ளிதான் கொடுக்கிறது என்பதால் ஒரு அணியின் தடுப்பாட்டம் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஷாட் எடுக்க ஷாட் கிளாக் தரும் 30 விநாடியையும் கரைத்து ஆடும் அணிக்கு எதிராக யாருக்குமே அதிக வாய்ப்பு கிடைக்காது. 2019-ல் பட்டம் வென்ற வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று. அதன் தாக்குதலும் வலுவானது என்பதைப் புள்ளிச் சராசரி மறைத்தது, பொசஷன் கணக்கு காட்டியது.

வெற்றிக்குக் காரணம் தேட நான்கு எண்கள் போதும். மேலே சொன்ன ஆட்டத்தில் 26 ஷாட் விழுந்து, அதில் 8 மூன்று புள்ளி என்றால், 26-உடன் 8-இன் பாதியைச் சேர்த்து 58-ஆல் வகுக்க 51.7 சதவீதம். மூன்று புள்ளி ஷாட்டை ஒன்றரையாக எண்ணும் இந்த ஷாட் வீதமே நான்கில் மிக முக்கியமானது, 50-ஐத் தாண்டினால் மோசமில்லை. அடுத்து டர்ன்ஓவர் வீதம்: 12-ஐ 67.6-ஆல் வகுத்தால் 17.8. மூன்றாவது, தாக்குதல் ரீபவுண்டை, அதனுடன் எதிரணியின் தடுப்பு ரீபவுண்டைச் சேர்த்த எண்ணால் வகுப்பது. நான்காவது, ஃப்ரீ த்ரோ முயற்சியை ஷாட் முயற்சியால் வகுப்பது. ஒரு எச்சரிக்கை: எதிரணியின் மூன்று புள்ளி சதவீதம் நான்கைந்து ஆட்டங்களில் தாறுமாறாக ஏறி இறங்கும். அதைப் பார்த்துத் தடுப்பாட்டம் கெட்டுவிட்டது என்று எழுதாதீர்கள். எதிரணி எத்தனை மூன்று புள்ளி முயற்சி செய்ய முடிந்தது என்பதே நம்பகமான குறி.

டிசம்பரில் அணிகளை வரிசைப்படுத்தும் என்சிஏஏ-வின் 'நெட்' தரவரிசை வெளிவரத் தொடங்கும். 2018-19 சீசனில் பழைய ஆர்பிஐ முறைக்குப் பதிலாக வந்தது இது. ஒவ்வொரு ஆட்டத்தையும் எதிரணியின் நெட் இடத்தையும் அரங்கத்தையும் வைத்து குவாட் எனப்படும் நான்கு பிரிவுகளாகப் பிரிப்பார்கள். சொந்த அரங்கில் முதல் 30 இடத்துக்குள் உள்ள அணி, பொது அரங்கில் முதல் 50, எதிரணி அரங்கில் முதல் 75 என்றால் குவாட் 1. இரண்டாவது குவாட் முறையே 75, 100, 135 வரை. மூன்றாவது 160, 200, 240 வரை. மிச்சமெல்லாம் நான்கு. பலர் தவறுவது இங்கேதான்: ஆட்டம் நடந்த நாளின் இடத்தைப் பேனாவால் எழுதிவைத்துவிடுவார்கள். கணக்கில் வருவது எதிரணியின் இன்றைய இடம். நவம்பரில் கிடைத்த பெரிய வெற்றி, அந்த எதிரணி சரிந்தால் பிப்ரவரியில் குவாட் 2 ஆகிவிடும். ஆகவே பென்சிலால் எழுதி வாரம் ஒருமுறை திருத்துங்கள். முதல் டிவிஷனுக்கு வெளியே உள்ள கல்லூரியை வென்றது நெட்டில் சேராது. பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி செய்தி நிறுவனத்தின் வரிசையைக் குவாட் கணக்கோடு குழப்பவும் வேண்டாம்.

ஆடாதவர் கட்டத்தைச் சலிக்காமல் நிரப்புங்கள். 2018 தேசியப் போட்டியில் முதல் சீட்டான (போட்டிக்கு முன் தரப்படும் வரிசை எண்) அதே வர்ஜீனியா, கடைசியான 16-ம் சீட்டில் இருந்த யுஎம்பிசி கல்லூரியிடம் 74–54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் முதல் சீட் அணி 16-ம் சீட்டிடம் வீழ்ந்தது அதுவே முதல்முறை. மணிக்கட்டு முறிந்து வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் அன்று ஆடவில்லை. தோல்வி முழுவதையும் அவர் இல்லாததன் மேல் போட முடியாது, ஆனால் அந்தக் குறிப்பு இல்லாத வரி பாதி உண்மைதான். தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் வீரர்கள் இல்லாமல் ஆடிய ஆட்டங்களைக் கவனிக்கிறது.

ஜனவரியிலிருந்து கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து அமைத்த லீக்) ஆட்டங்களுக்குத் தனிப் பக்கம் தொடங்குங்கள். ஒரே அணியை இரண்டு முறை சந்திக்கும்போது நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயிற்சியாளர் எதை மாற்றினார் என்பது தெரியும். மார்ச்சில் கான்ஃபரன்ஸ் போட்டியை வெல்பவருக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். 2025-ல் 68 இடங்களில் 31 அப்படி நிரம்பின, மீதி 37 குழுவின் தேர்வு. சின்னக் கான்ஃபரன்ஸ் அணி என்றால் அந்த மூன்று நான்கு நாட்களே சீசனின் உயிர். அதற்கு முந்தைய குவாட் கணக்கு பெரும்பாலும் சீட் எண்ணுக்குத்தான் உதவும்.

ஏப்ரலில் நோட்டை மூடிவிடாதீர்கள். கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்துக்கு ஐந்து பேர், 40 நிமிடம் என்று 200 வீரர்-நிமிடங்கள். சீசன் முழுவதற்கும் அதைக் கூட்டி, படிப்பு முடித்தவர்களும் வேறு கல்லூரிக்கு மாறுபவர்களும் ஆடிய நிமிடங்களைக் கழியுங்கள். மிஞ்சும் சதவீதத்தை அடுத்த சீசன் பக்கத்தின் முதல் வரியில் எழுதுங்கள்.