கரை நைட்ரஜனும் 14 நொடிகளும்

கெமிக்கல் டேங்கரில் புதிதாகச் சேரும் அதிகாரிகள் நைட்ரஜனைக் கையாளுவதைப் பார்க்கும்போதெல்லாம், மூன்றாம் அதிகாரியாக நான் செய்த பிழைகளே மறுபடி நடப்பதுபோல் இருக்கிறது. ஆக்சிஜனைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வதால், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

அழுத்தத்தை மட்டும் கேட்பது

சரக்கேற்றி முடிந்ததும், குழாயில் எஞ்சியதைக் கரையிலிருந்து நைட்ரஜனால் தொட்டிக்குள் ஊதித் தள்ளுவார்கள். அதற்கு முன் நடக்கும் பேச்சில் நம்மவர் "எத்தனை பார்?" என்று கேட்பதோடு சரி, மணிக்கு எத்தனை கனமீட்டர் என்பதை எழுதி வாங்குவதில்லை. 1,000 கனமீட்டர் தொட்டி 98 விழுக்காடு நிறைந்திருந்தால், மேலே மிஞ்சும் இடம் 20 கனமீட்டர்தான். வாயு வெளியேற வழியில்லாவிட்டால், 4 கனமீட்டர் நைட்ரஜன் கூடுதலாக நுழைந்தாலே அழுத்தம் 0.2 பார் ஏறிவிடும். மணிக்கு 1,000 கனமீட்டர் வரத்துக்கு அது சுமார் 14 நொடி வேலை. தொட்டியில் அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வாயுவை வெளியேற்றும் பிவி வால்வு இருக்கிறதே என்பார்கள். அது கப்பலின் உச்சச் சரக்கேற்று வேகத்தின் 1.25 மடங்கைக் கணக்கில் கொண்டு அமைக்கப்படுவதே தவிர, குழாயில் திரவம் தீர்ந்த கணத்தில் பீறிட்டு வரும் வாயுவுக்காக அன்று.

கரைக் குழாய் கப்பலோடு இணையும் இடமான மேனிஃபோல்டில் நான் காவல் நின்ற இரவில் முதலில் ஹோஸ் துள்ளியது, பிறகு பிவி வால்வு சீறியது. நிறுத்தச் சொல்லி வாக்கிடாக்கியில் கத்தினேன். கரையிலிருந்தவர் "ஓகே" என்று உடனே சொன்னாலும், வால்வை மூட ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். காலையில் தொட்டிக்குக் கூரையாகவும் இருக்கும் டெக்கைக் கழுவியபோது, வழக்கமாக ஓரத்துக்கு ஓடும் நீர் நடுவில் ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. 0.2 பார் என்பது சதுர மீட்டருக்கு 2 டன் என்பதும், வால்வு ஈடுகொடுக்காதபோது அது அத்துடன் நிற்பதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தன. கப்பல் 9 நாள் பழுதுபார்ப்புத் தளத்தில் கிடந்தது. ஒப்பந்தத் தாளில் அழுத்தத்துக்கு "3 பார்" என்று அழகாக எழுதிவிட்டு, வாயு வரத்துக்கான கட்டத்தில் நானே ஒரு சிறு கோடு போட்டிருந்தேன் என்பதுதான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

வரத்தின் உச்ச அளவை எழுதி வாங்குங்கள்; மேனிஃபோல்டு வால்வைச் சிறிதளவே திறந்து, அதன் மேல் கைவைத்தபடி ஒருவரை நிறுத்துங்கள்; தொட்டி அழுத்தத்தைக் கண்ட்ரோல் ரூமில் இன்னொருவர் இமைக்காமல் பார்க்கட்டும்.

எல்இஎல் மீட்டரை நம்புவது

எரியக்கூடிய வாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் இந்த மீட்டரின் வினையூக்கி வகை உணரி வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிறைந்த தொட்டியில் அது காட்டும் பூஜ்யத்துக்குப் பொருளில்லை.

ஸ்டைரீன்

இந்தத் திரவச் சரக்கு தானாகவே கெட்டியாகிவிடாமலிருக்க அதில் கலக்கப்படும் தடுப்பான், ஆக்சிஜன் இருந்தால்தான் செயல்படும். தடுப்பான் சான்றிதழைப் படிக்காமல் நைட்ரஜனைத் தொடாதீர்கள்.

ஊதும்போது வாயு வெளியேறும் இடத்தருகே நிற்பது

நிற்காதீர்கள்.