கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் முதலில் தட்டிப் பாருங்கள்

பத்மினி, அம்பாசடர், பழைய மாருதி 800 மாதிரி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி ரொம்ப நாள் நின்றபின் பெட்ரோலை வழியவிட்டால், உடனே கழற்ற வேண்டாம். என்ஜினை அணைத்து, சூடு ஆறியதும், ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தின் (மிதவை இருக்கும், பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) பக்கவாட்டில் நாலைந்து முறை லேசாகத் தட்டுங்கள். சுத்தியல் கூடாது, வார்ப்பு உடைந்துவிடும்.

கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே எழும்பி, ஒரு சிறிய ஊசியைத் தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். பெட்ரோல் காய்ந்தால் கோந்து போல ஒரு படிவு தங்கும். அதிலோ ஒரு தூசியிலோ ஊசி சிக்கினால் வழி மூடாது. தட்டும் அதிர்வில் பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஊசி மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டு பெட்ரோலே இறங்காவிட்டாலும் இதே வைத்தியம்தான்.

சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

மிதவை ஓட்டையாகி மூழ்கியிருந்தாலோ ஊசி முனை தேய்ந்திருந்தாலோ தட்டிப் பயனில்லை, பாகத்தை மாற்றத்தான் வேண்டும். அடிக்கடி சிக்கினால் ஃபில்டரைப் பாருங்கள். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு இது பொருந்தாது. அதில் இப்படி வழியை அடைக்கும் மிதவையே கிடையாது.