வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அத்துமீறினால் எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது?

பி.காம். முடித்த கையோடு ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. அன்று ராத்திரி பத்தரை மணிக்கு, இன்டர்வியூ எடுத்தவரின் சொந்த நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது: "ஆஃபர் லெட்டர் ரெடி. சண்டே தனியா வந்து வாங்கிக்கோ." அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி, அதை இங்கே எழுத வேண்டாம். அருவருப்பில் சாட்டை மொத்தமாக அழித்துவிட்டு நம்பரை பிளாக் செய்தேன். வேலையிலேயே சேரவில்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அழித்ததும் தப்பு, அப்படி நினைத்ததும் தப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆபீஸ்களில் 'போஷ்' என்பார்கள். புகார் கொடுக்கும் பெண் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் என்பதுதான் அதில் உள்ள விளக்கம். தொட்டால்தான் குற்றம் என்றும் இல்லை. ஆபாசப் பேச்சு, படம் காட்டுவது, பாலியல் நோக்கத்தோடு 'அட்ஜஸ்ட்' செய்யச் சொல்வது எல்லாமே அதற்குள் வரும். (இந்தச் சட்டத்தில் பெண்கள் மட்டுமே புகார் கொடுக்க முடியும்.)

படி 1: கிளம்புங்கள்

அங்கேயே நின்று நியாயம் கேட்க வேண்டியதில்லை. "வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது சார், கிளம்புகிறேன்" என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து வந்தாலும் சரிதான். இன்டர்வியூ ஹோட்டலில் என்றால் லாபி வரை போங்கள். ரூமுக்குக் கூப்பிட்டால் வேண்டாம். பயமாக இருந்தால் 112, ஆலோசனை வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181.

படி 2: எதையும் அழிக்காதீர்கள்

அனுப்பியவர் பிறகு 'எல்லாருக்கும் டெலீட்' போட்டுவிடுவார். அதனால் பார்த்தவுடன் ஸ்கிரீன்ஷாட். ஒரு சின்ன விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள்: நம்பரை 'எச்.ஆர். சார்' என்று சேமித்திருந்தால் படத்தில் அந்தப் பெயர்தான் தெரியும், எண் தெரியாது. பெயரைத் தொட்டு உள்ளே போய், எண் தெரியும் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். எல்லாவற்றையும் நம்பகமான ஒருவருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். மூலச் செய்தி உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

வேலை விளம்பரம், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மின்னஞ்சல், ஆட்டோ ஆப்பின் ரசீது, இவையும் வேண்டும். வாசலில் செக்யூரிட்டி நீட்டும் நோட்டில் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே, நீங்கள் அங்கே போனதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

படி 3: அன்று இரவே எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. இரண்டு நாள் போனால் மனசு நிகழ்ச்சியை மழுப்பிவிடும். "அவர் தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் புகாரை விசாரிக்கும் குழுவுக்கு ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்:

"12.3.2025, புதன், மாலை 4.20. மூன்றாவது மாடி மீட்டிங் ரூம். அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தோளில் கை வைத்தார். நான் நகர்ந்தேன். 'இவ்ளோ கூச்சப்பட்டா எங்க டீம்ல எப்படி செட் ஆவ?' என்றார். 4.30க்கு வெளியே வந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் 'அதுக்குள்ள முடிஞ்சுதா?' என்று கேட்டார்."

ஆத்திரம், அழுகை எதுவும் இதில் இல்லை. ஆனால் இடம், நேரம், அவர் சொன்ன வார்த்தை, ஒரு சாட்சி, நான்கும் இருக்கின்றன. அவர் பேசியதை அவர் பேசிய கொச்சையிலேயே எழுதுங்கள். கூச்சப்பட்டு நாகரிகமாக மாற்ற வேண்டாம்.

படி 4: யாரிடம்?

பத்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடமென்றால் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் கன்சல்டன்சி என்றாலோ, அத்துமீறியவரே முதலாளி என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். எங்கே என்று தெரியாவிட்டால் கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூக நல அலுவலர் பிரிவைக் கேளுங்கள். நேரில் போகத் தயக்கமா? மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்தால் உரிய குழுவுக்கு அதுவே போகும்.

கெடு: நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

போலீஸ் தனி வழி. குழுவிடம் கொடுத்திருந்தாலும் அங்கேயும் போகலாம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலுக்கானது (2024 ஜூலைக்கு முன் நடந்ததென்றால் பழைய ஐ.பி.சி. 354-ஏ). "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போடலாம் என்று சொல்லுங்கள். கம்பெனியே போலி, ஆன்லைனில் போட்டோ கேட்டு மிரட்டுகிறான் என்றால் குழுவைத் தேடாமல் நேராக போலீஸ்தான்.

"நிரூபிக்க முடியாவிட்டால் என் மேலேயே கேஸ் போடுவாங்களா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆதாரம் போதவில்லை என்பதாலேயே புகார் பொய்யாகிவிடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பெயரை வெளியிடவும் கூடாது. சமரசம் பேசலாம் என்று குழு தானாக ஆரம்பிக்க முடியாது. நீங்கள் கேட்டால்தான் பேச்சு. பணத்தை வைத்து முடிப்பதற்கும் இடமில்லை.

படி 5: கொடுப்பது

படி 3-இல் எழுதியதுதான் புகார். மேலே குழுத் தலைவருக்கு என்று போட்டு, உங்கள் முகவரி, சாட்சிகளின் பெயர், முகவரி, ஆதாரங்களைச் சேருங்கள். அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். பல இடங்களில் சில நாட்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். விதிப்படி ஆறு பிரதி கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஏழாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவதில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து, தேதி, சீல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விசாரணையை முடிக்க வேண்டிய 90 நாளை எண்ண அந்தத் தேதிதான் உங்கள் கையில் இருக்கும்.