லைனருக்குள் தேங்கிய வியர்வை: என் அனுபவம்

முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த பிறகு என்னைப் படுத்தியெடுத்தது வலி அல்ல, வியர்வைதான். செயற்கைக்காலுக்குள் தோலை ஒட்டி மாட்டும் சிலிக்கோன் உறைதான் லைனர்; அதற்குள் காற்றே புகாது. சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு நடப்பதற்குள் வழுக்கத் தொடங்கும். கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் சொட்டும். ஒருநாள் படியிறங்கும்போது செயற்கைக்கால் அப்படியே திரும்பிக்கொண்டது. கைப்பிடி இருந்ததால் தப்பித்தேன்.

முதலில் பவுடர் போட்டுப் பார்த்தேன். ஈரத்தில் களி மாதிரித் திரண்டு தோலை உரசியதுதான் மிச்சம்.

தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த, வியர்வையைக் குறைக்கும் அலுமினியம் குளோரைடு கரைசல்தான் கைகொடுத்தது. இதில் நேரம் முக்கியம். காலையில் லைனர் மாட்டும் முன் பூசக் கூடாது. இரவில், கழுவி நன்றாக உலர்ந்த ஸ்டம்பில் (கால் எடுத்த பின் மிஞ்சிய பகுதியில்) பூசிவிட்டு, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத்தோலில் பூசினால் எரியும், பட்டவன் சொல்கிறேன். புண், கீறல் இருந்தால் தொடவே கூடாது. முதல் வாரம் தினமும் பூசினேன். இப்போது வாரம் இரண்டு தடவை போதுகிறது.

அப்புறம், பையில் எப்போதும் ஒரு பருத்தித் துண்டும் மாற்று லைனரும் இருக்கும். மதியம் சாப்பிட்டதும் கழற்றித் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விடுகிறேன். கடைக்கு வருபவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். லைனரைத் தினமும் இரவில் மென்மையான சோப்பால் கழுவுகிறேன். அலசுவதில் மட்டும் அவசரப்படுவதில்லை. சோப்பு மிச்சமிருந்தால் மறுநாள் முழுக்க அரிக்கும்.