கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஃபுகாய்டனைப் பிரித்து, அதன் வைரஸ் எதிர்ப்பைச் சோதிக்கும் முறை

மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை எனப்படும் சர்காசம் பாசி பெரும்பாலும் அல்ஜினேட் என்னும் கூழாக்கும் பொருளின் தயாரிப்புக்காகவே சேகரிக்கப்படுகிறது. அதன் செல்சுவரில் ஃபுகாய்டன் என்னும் சல்ஃபேட் ஏறிய பல்சர்க்கரையும் இருக்கிறது. ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் நம் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஹெபரான் சல்ஃபேட் என்னும் சர்க்கரைச் சங்கிலியில் முதலில் ஒட்டிக்கொண்ட பிறகே உள்ளே நுழைகிறது. எதிர்மின்னூட்டம் மிகுந்த ஃபுகாய்டன் வைரஸின் உறைப் புரதங்களைப் பற்றிக்கொண்டு, அவை செல்லில் ஒட்டாமல் தடுக்கிறது. எனவே பிரித்தெடுக்கும்போது சல்ஃபேட் தொகுதிகளும் சங்கிலியின் நீளமும் சிதையாமல் காக்கப்பட வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை என்பதால், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே பாசி எடுக்கக் கூடாது. கரை ஒதுங்கிய புதிய பாசியோ, பாசி சேகரிப்போரிடம் வாங்கியதோ போதும். ஒட்டுயிர்களையும் மணலையும் நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்திப் பொடியாக்குங்கள். சல்ஃபேட் அளவு பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவதால், சேகரித்த தேதியையும் இடத்தையும் குறித்து, ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்திப் பாதுகாப்பது கட்டாயம்.

50 கிராம் பொடியை 85 சதவீத எத்தனாலில் இரவு முழுவதும் கலக்கி, வடிகட்டி, திரவம் ஏறக்குறைய நிறமற்றதாகும் வரை திரும்பச் செய்யுங்கள். இதில் அவசரம் கூடாது. சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகளில் உள்ள ஃபுளோரோடானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் எந்தப் புரதத்தோடும் ஒட்டக்கூடியவை என்பதால், அவை எஞ்சியிருந்தால் பின்னால் தெரியும் வைரஸ் எதிர்ப்பு ஃபுகாய்டனுடையதுதானா என்று சொல்ல முடியாமல் போகும். அடுத்து, ஒரு லிட்டர் நீரில் 70 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். சூடான அமிலத்தில் விளைச்சல் கூடும் என்றாலும், சங்கிலி உடைந்து சல்ஃபேட்டும் கழன்றுவிடும் என்பதால் வெறும் நீரையே பரிந்துரைக்கிறேன். வடிநீரில் கால்சியம் குளோரைடை 2 சதவீதம் வரும்படி சேர்த்து, குளிரில் ஓர் இரவு வைத்தால் அல்ஜினேட் கூழாகத் திரண்டு பிரியும். அதை மையவிலக்கியில் சுழற்றி நீக்கிவிட்டு, தெளிநீரில் எத்தனாலை 70 சதவீதம் வரை ஊற்றுங்கள். வெளிர்ந்த இழைகளாகப் படிவதே ஃபுகாய்டன். அதை நீரில் கரைத்து, டயாலிசிஸ் முறையில் சவ்வின் வழியே உப்புகளை நீக்கி, உறைநிலையில் உலர்த்தி, பேரியம் குளோரைடு-ஜெலட்டின் முறையில் சல்ஃபேட்டை அளந்துகொள்ளுங்கள்.

வைரஸ் சோதனையை இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டுமே, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். முதலில் வீரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்), உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி முறையால், பாதிச் செல்களைக் கொல்லும் ஃபுகாய்டன் செறிவைக் கண்டறியுங்கள். பிறகு பிளாக் குறைப்புச் சோதனை; பிளாக் என்பது வைரஸ் செல்களை அழித்த இடத்தில் தெரியும் சிறு வெற்றிடம், அவற்றின் எண்ணிக்கை குறைவதே வைரஸ் எதிர்ப்பின் அளவு. இங்கே பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து உண்டு: செல்களின் மேல் ஊற்றும் அகாரும் கடற்பாசியிலிருந்து வந்ததுதான், அதிலுள்ள சல்ஃபேட் ஏறிய பகுதி சில வைரஸ்களின் பிளாக்குகளைத் தானே குறைத்துவிடும். அகாருக்குப் பதிலாக மெத்தில்செல்லுலோஸைப் பயன்படுத்துங்கள்.

ஃபுகாய்டனை ஒரே நேரத்தில் மட்டும் சேர்த்துப் பார்த்தால் பாதி விடைதான் கிடைக்கும். செல்களுக்கு முன்கூட்டியே கொடுத்துக் கழுவிய தொகுதி, வைரஸோடு சேர்த்துக் கொடுத்த தொகுதி, வைரஸ் உள்ளே நுழைந்தபின் கொடுத்த தொகுதி என மூன்றையும் வைத்து, வைரஸ் ஒட்டுவதைத் தடுக்கும் ஹெபரினையும், செல்லுக்குள் அது பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் மருந்தையும் ஒப்பீட்டுக்குச் சேருங்கள். இரண்டாவது தொகுதியில் பிளாக்குகள் வெகுவாகக் குறைந்து மூன்றாவதில் குறையாவிட்டால், தடுப்பு ஒட்டும் கட்டத்தில் நிகழ்கிறது என்று கருதலாம். செல்லைக் கொல்லும் செறிவைப் பிளாக்குகளைப் பாதியாக்கும் செறிவால் வகுத்தால் தேர்வுக் குறியீடு கிடைக்கும்; அது பெரிதாக இருந்தால், செல்லைக் கெடுக்காமல் வைரஸை மட்டும் தடுக்கிறது என்று பொருள்.

அறிக்கையில் இந்த எண்ணோடு நின்றுவிடுங்கள்; ஆய்வகத்தில் கண்ட தடுப்பு மனிதரிடமும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. செம்பாசியிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்னும் சல்ஃபேட் ஏறிய பல்சர்க்கரை ஆய்வகத்தில் எச்ஐவியைத் தடுத்தது. ஆனால் அதைக் கொண்டு செய்த கராகார்டு ஜெல், தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதிக்கப்பட்டபோது பாதுகாப்பானதாக இருந்தும் தொற்றைத் தடுக்கவில்லை என்பது 2008-இல் வெளியானது. மேலும், ஃபுகாய்டனுக்கு ஹெபரினைப் போலவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்பு உண்டு. பாசிக் கஷாயம் நோயைத் தீர்க்கும் என்று உங்கள் முடிவை யாரேனும் எடுத்தெழுத வாய்ப்புள்ளதால், இந்த எச்சரிக்கையை அறிக்கையின் சுருக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.